காதர் மைதீன் சாருக்கு மாலை வேண்டாம்

காலைப் பிரார்த்தனை முடிந்து பையன்கள் வகுப்புகளுக்குக் கலைந்துகொண்டிருந்த நேரத்தில் காதர் மைதீன் சாரின் மகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. அவனுடைய அத்தா வேலையை விட்டு அனுப்பப்பட்ட நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. நான்தான் வெளியே போனேன்.

"அத்தா மௌத்தாயிட்டாக சார். மத்தியானத் தொழுகைக்கப்புறம் அடக்கம். ஸ்கூல்ல ஒங்ககிட்ட மட்டும் சொல்லச் சொன்னாக."

"யாரு சொல்லச் சொன்னது?"

"அத்தாதான். முந்தாநாளே சொல்லி வச்சிட்டாக."

விடுப்புக் கேட்கத் தலைமையாசிரியரிடம் போனேன். செய்தியைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடடா, தங்கமான மனுஷன்" என்றார். துடைத்து மாட்டிக்கொண்ட பிறகு, "நீங்க வேணா போயிட்டு வாங்க. ஸ்கூலுக்கு லீவு விட முடியாது. நாளான்னைக்கு செலக்‌ஷன் பரீட்சை ஆரம்பிக்குது" என்றார். காதர் மைதீன் சாரை வேலையை விட்டு நீக்கிய உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். அன்றைக்கு இவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

இந்த ஆசிரியர் இதழைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு காதர் மைதீன் சாரைத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பள்ளியைத் தெரியும். காரைக்குடியிலிருந்து பஸ் போகும் ஊர்தான். பெயரை நான் எழுதப் போவதில்லை. பயந்துகொண்டு எழுதாமல் விடவில்லை. அப்படிப்பட்ட பள்ளிகள் நம் பக்கத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துவிடும்.

செலக்‌ஷன் என்றால் என்னவென்று அறியாத பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன். பதினோராம் வகுப்பில் அரசுப் பரீட்சைக்கு முன்னால் பள்ளியே ஒரு பரீட்சை வைக்கும். அதில் தேறியவனை மட்டும் அரசுப் பரீட்சைக்கு அனுப்பும். தேறாதவன் நின்றுவிடுவான். நின்றவன் பெரும்பாலும் படிப்பையே விட்டுவிட்டு வயலுக்கோ கடைக்கோ போய்விடுவான். பள்ளி முகப்பில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று பலகை மாட்ட இதைவிட எளிய வழி கிடையாது. யாரை நிறுத்துவது என்பது பரீட்சைக்கு முன்பே முடிவாகியிருக்கும். நிறுத்துவதற்கு வசதியான பாடம் ஆங்கிலம். ஆங்கிலத்துக்குள் வசதியான இடம் துணைவினைகள். கேன், குட், ஷல், வில், மே, மஸ்ட் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி கொடுத்தால் காலனிப் பையன்களும் வயலில் பாடுபடும் சம்சாரி வீட்டுப் பையன்களும் அங்கேயே விழுந்துவிடுவார்கள் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. காதர் மைதீன் சார் வந்து சேரும் வரைக்கும் அந்த நம்பிக்கை பொய்த்ததில்லை.

நான் சமூக பாட ஆசிரியனாக வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயதிருக்கும். அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் இடையில் ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. நான் அசோகரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வரும். என் பையன்கள் அங்கே காதைக் கொடுத்துவிடுவார்கள். சில நாள் நானும் கொடுத்தேன்.

"மொதல்ல வேலைக்காரனைப் பாருங்கடா, மொதலாளிய அப்பறம் பாக்கலாம்" என்றுதான் பாடத்தைத் தொடங்குவார். ஆங்கில வாக்கியத்தில் காலம் மாறினால் சட்டை மாற்றிக்கொள்வது துணைவினை. கேள்வி என்று வந்தால் எல்லோருக்கும் முன்னால் ஓடி நிற்பது துணைவினை. இல்லை என்று மறுக்க வேண்டுமானால் அந்த 'நாட்'டைத் தோளில் தூக்கிக்கொள்வதும் துணைவினை. முதல்வினை அசையாமல் உட்கார்ந்திருக்கும். "எல்லா வேலையும் இவன் பாக்குறான், பேரு அவனுக்கு. இந்தா, நம்ம ஊரு மாதிரியேதான் இங்கிலீஷும். ஒங்களுக்கு வெளங்காதா என்ன?" என்பார். அதற்கு முன் ஐந்து வருஷமாக ஆங்கிலம் விளங்காமல் இருந்தவர்களுக்கு அந்த ஒரு வாரத்தில் விளங்கிற்று.

கேன், மே, மஸ்ட் ஆகியவற்றுக்கு அவர் ஒரு நாற்காலியைப் பயன்படுத்தினார். ஆசிரியருக்கென்று இருந்த நாற்காலியை நடுவகுப்பில் இழுத்துப் போடுவார். ஒருவன் உட்கார வேண்டும், ஒருவன் நிற்க வேண்டும். நிற்பவன் 'மே ஐ' என்று எதற்காவது அனுமதி கேட்பான். உட்கார்ந்திருப்பவன் கொடுப்பான், அல்லது 'யூ மஸ்ட் நாட்' என்று மறுப்பான். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். "வார்த்தையப் பாக்காதடா. எவன் நிக்கிறான், எவன் உக்காந்திருக்கான்னு பாரு. அது தெரிஞ்சா வார்த்தை தானா வரும்" என்பார். 'கேன்' வரும்போது நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார். "இதுக்கு நாற்காலி வேணாம். ஒனக்கு நீந்தத் தெரியும்னா தெரியும். எவன்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

ஒரு நாள் தாளாளரின் பேரன் நின்றான்; காலனிப் பையன் சோலைமலை உட்கார்ந்திருந்தான். பேனாவை எடுத்துக்கொள்ளப் பேரன் அனுமதி கேட்டான். சோலைமலை கொஞ்சம் யோசித்துவிட்டு, கூடாது என்றான். வகுப்பு சிரித்தது தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது. மறுநாள் காலை தாளாளர் வீட்டு ஆச்சி காரில் வந்து இறங்கினார்.

"ஏன் வாத்தியாரே, எங்க வீட்டுப் பிள்ளை அவன் முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

"அடுத்த வாட்டி அவன் நிப்பான் ஆச்சி. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. ரெண்டா வாங்கிப் போட்டீகன்னா ரெண்டு பேரையும் உக்கார வச்சிருவேன்."

ஆச்சி தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். அன்று சாயங்காலமே நாற்காலி வகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. மறுநாள் சார் வாசல்படியை வைத்துப் பாடம் நடத்தினார்: படிமேல் ஒருவன், கீழே ஒருவன்.

இன்னொரு காரியமும் செய்திருந்தார். காலனிப் பையன்களுக்கென்று கடைசியில் ஒரு பெஞ்சு இருந்தது. வந்த முதல் வாரமே அதைக் கலைத்து, அவர்களை வகுப்பு முழுவதும் மற்றவர்களுக்கு நடுவே கலந்து உட்கார வைத்துவிட்டார். சோலைமலை முன்வரிசையில் இரண்டாவது ஆள். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஆங்கில வகுப்பைத் தானே நடத்திக் காட்டப் போவதாகத் தலைமையாசிரியர் அறிவித்தார். அவருக்குப் பையன்களின் பெயர் தெரியாது, பெஞ்சு தெரியும். அதனால் எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தக் கேள்வி என்று முடிவு செய்தார். அவனவன் தன் ஒரே ஒரு பதிலை மனப்பாடம் செய்தால் போதும். முன்வரிசை ஓரத்தில் தொடங்கி இவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவார், அவர்கள் வரிசையாக எழுந்து சொல்லிக்கொண்டே போவார்கள். இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது.

"இது கிளாஸ் இல்ல தம்பி, பஜனை. ஆளுக்கொரு வரி" என்றார் காதர் மைதீன் சார்.

முந்தின நாள் மாலை தலைமையாசிரியர் எங்கள் பக்கம் வந்தார். காலனிப் பையன்கள் எட்டுப் பேரும் நாளைக்கு வர வேண்டாம் என்றார்.

"அவங்களுக்கும் பதில் தெரியும் சார்" என்றார் காதர் மைதீன் சார்.

"பதில் தெரியும். வெள்ளைச் சட்டை இருக்கா?"

"இல்ல."

"அப்ப வரவேணாம். பெஞ்சுல இடைவெளி தெரியக் கூடாது. மத்தவங்கள நெருக்கி உக்கார வச்சிருங்க."

"சரி சார்."

அவர் இத்தனை சாதுவாக ஒரு 'சரி' சொல்லி நான் கேட்டதில்லை. டீக்கடையில் வைத்துக் கேட்டேன்: "நெருக்கி உக்கார வச்சா எடம் மாறிப் போகுமே சார். பதிலைப் புதுசாப் பிரிச்சுக் குடுத்துட்டீகளா?"

டீயை நிதானமாக ஆற்றினார். "நெருக்கி வையின்னாக, வச்சிட்டேன். பதிலை மாத்திக் குடுன்னு யாரும் சொல்லலையே தம்பி."

மறுநாள் அதிகாரி ஒரு நாற்காலியிலும் தாளாளர் அவர் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். ஆசிரியர்கள் சுவரோரம் நின்றோம். தலைமையாசிரியர் முதல் பையனைப் பார்த்து, "கேன் யூ ஸ்விம்?" என்றார். "யெஸ் சார், ஐ கேன்" என்றான். அதிகாரி தலையசைத்தார்.

அடுத்த இடம் சோலைமலையுடையது. பொய் சொல்லலாமா என்பது அவனுக்கான கேள்வி. கூடாது என்பது பதில். அந்த இடத்துக்கு இப்போது நகர்ந்து வந்திருந்தவன், தினம் பல் துலக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் வைத்திருந்தவன். "ஷுட் வி டெல் லைஸ்?" என்று கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தி, "யெஸ் சார். எவ்ரி மார்னிங் வி மஸ்ட்" என்றான். தினமும் காலையில் கட்டாயம் பொய் சொல்ல வேண்டுமாம்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமையாசிரியருக்கு வேறு வழி தெரியாது, வரிசைதான் தெரியும். "மஸ்ட் வி பிரஷ் அவர் டீத்?" என்று அடுத்தவனைக் கேட்டார். அவன் பேனா கடன் கேட்பவனுக்குச் சொல்லும் பதிலை வைத்திருந்தான். "சர்ட்டன்லி சார், யூ மே." பல் துலக்கிக்கொள்ளத் தலைமையாசிரியருக்கு அனுமதி கிடைத்தது. எங்கள் டிராயிங் மாஸ்டர் இருமுவது போலப் பாவனை செய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

தலைமையாசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மானத்தைக் காப்பாற்றும் என்று நம்பிய கேள்விக்குத் தாவினார். தாளாளர் புதிய சோதனைக்கூடம் கட்டித் தருவாரா என்பது கேள்வி. தருவார், அவர் தயாள குணமுள்ளவர் என்று பதில் சொல்ல வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அங்கே இப்போது இருந்தவன் தாளாளரின் பேரன். அவனிடம் இருந்தது வேறொரு கேள்விக்கான பதில். எழுந்து நின்று தாத்தாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நோ சார். எ டாங்கி கேனாட் ஃப்ளை."

கழுதையால் பறக்க முடியாது என்று கேட்டதும் அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பேரனைப் பக்கத்தில் அழைத்துத் தமிழில் கேட்டார்: "ஏம்ப்பா, கேட்டது ஒண்ணு, சொல்றது ஒண்ணா இருக்கே?"

"இது என் கேள்வி இல்ல சார். எனக்கு முன்னால உக்காருறவங்கள வரவேணாம்னுட்டாக. அதான் நாங்க தள்ளி வந்துட்டோம்."

"ஏன் வரவேணாம்னாங்க?"

"வெள்ளைச் சட்டை இல்லைன்னு சார். ஊருணிக்கரையில உக்காந்திருக்காய்ங்க."

வீட்டுக்குப் போகச் சொல்லாமல் அவர்களை ஊருணிக்கரையில் இருக்கச் சொன்னது யார் என்று நான் காதர் மைதீன் சாரைக் கேட்கவில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அவர்களைக் கூப்பிடச் சொன்னார். ஈரக் காலோடு வந்தார்கள். சட்டைகளைப் பற்றித் தலைமையாசிரியர் சொன்னது உண்மைதான். ஒருவனுக்குப் பொத்தானே இல்லை. காதர் மைதீன் சார் முன்னால் வந்து, எந்த வரிசையும் இல்லாமல், மனப்பாடம் செய்யாத கேள்விகளாகக் கேட்டார். தடுமாறினார்கள், ஆனால் சொன்னார்கள். கடைசியில் அதிகாரியே சோலைமலையிடம், பள்ளிப் படிப்பு முடித்து என்ன செய்யப் போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவன் சொன்னது: "ஐ கேன் ரைட் தி எக்ஸாமினேஷன், சார். தே மே நாட் லெட் மீ." என்னால் பரீட்சை எழுத முடியும், இவர்கள் விடாமல் போகலாம் என்று பொருள். அந்த அறையில் அன்று பேசப்பட்ட ஆங்கிலத்தில் யாரும் சொல்லிக் கொடுக்காத வாக்கியம் அது ஒன்றுதான்.

அந்தப் பிள்ளைகளையும் எழுத விடுங்கள் என்று அதிகாரி தாளாளரிடம் சொன்னார். பிறகு தாளாளர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

செலக்‌ஷன் வந்தது. ஆங்கிலத் தாள்களைக் காதர் மைதீன் சாரிடம் கொடுக்காமல் தலைமையாசிரியரே திருத்தினார். எட்டுப் பேரும் நிறுத்தப்பட்டார்கள். வருஷக் கடைசியில் சாருக்கு உத்தரவு வந்தது. பள்ளியின் ஒழுங்குக்கு ஊறு விளைவித்தாராம். அவர் கெஞ்சவில்லை. சங்கத்துக்கு ஓடவும் இல்லை. தலைமையாசிரியர் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன்.

"நீங்க நிறுத்துன எட்டுப் பேரையும் நான் எழுத வைக்கிறேன். ஒங்க பலகைக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு பலகை வேணும் சார். எடம் பாத்து வையுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

காரைக்குடியில் ஒரு அரிசி மண்டிக்குப் பின்னால் அறை பிடித்தார். தவிட்டு நெடியில் உட்கார்ந்து எட்டுப் பேரும் ஒரு வருஷம் படித்தார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருவார்கள். வெளியிலிருந்து தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களாக வேறு ஊருக்குப் போய் எழுதினார்கள். ஆறு பேர் முதல் தடவையே தேறினார்கள், ஒருவன் இரண்டாம் தடவை. ஒருவன் தேறவே இல்லை. சித்தப்பாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டான். சாரைப் பார்க்கப் போனால் தேறியவர்களைப் பற்றிப் பேசமாட்டார். "சூளைக்குப் போனானே, அவனை ரெண்டு மாசம் முன்னால என்கிட்ட விட்டிருந்தாகன்னா..." என்றுதான் ஆரம்பிப்பார்.

முடிவு வந்த வாரம், பள்ளியின் பலகையை எழுதும் அதே பெயிண்டரைப் பிடித்து இன்னொரு பலகை எழுத வைத்தார். பள்ளிக்கு நேர் எதிரே இருந்த டீக்கடையில் அதை மாட்டினார். 'எதிரேயுள்ள பள்ளியில் நிறுத்தப்பட்டுத் தேர்ச்சி பெற்றோர்' என்று மேலே, கீழே பெயர்கள். டீக்கடைக்காரர் நடுங்கினார்.

"மொதலாளி வீட்ல எம்மேல கோவிச்சுக்குவாக சார்."

"அவுக ஒங்கடையில டீ குடிக்கிறாகளா? நான் குடிக்கிறேன். யோசிச்சுக்கங்க."

பலகை இருமுறை காணாமல் போனது. இருமுறையும் புதிதாக வந்தது. ஒவ்வொரு வருஷமும் அதில் பெயர்கள் கூடின, ஏனென்றால் நிறுத்தப்பட்டவர்கள் எல்லா ஊரிலிருந்தும் அந்த மண்டி அறைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். தலைமையாசிரியர் டீக்கடைப் பக்கம் பார்க்காமல் பள்ளிக்குள் நுழையப் பழகிக்கொண்டார்.

ஒரு முறை நான் காதர் மைதீன் சாரிடம், "போதும் சார், அவருக்கும் வயசாயிருச்சு, மன்னிச்சு விட்டுருங்க" என்றேன். பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தார். "மன்னிக்கணும்னா அவுக கேக்கணும்ல தம்பி? கேட்டாகளா?" என்றார். கேட்கவில்லை. கடைசி வரை கேட்கவே இல்லை.

அடக்கத்துக்கு முன் அவர் வீட்டு வாசலில் தாளாளரின் கார் வந்து நின்றது. தாளாளர் வரவில்லை. டிரைவர் ஒரு பெரிய ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பள்ளியின் பெயர் அச்சிட்ட ரிப்பன் அதில் தொங்கியது. சாரின் மகன் மெதுவாகச் சொன்னான்: "எங்க பழக்கத்துல மாலை இல்லியே அண்ணே."

"மொதலாளி குடுத்து விட்டாக. திருப்பிக் கொண்டுபோனா என்னைய வைவாக தம்பி."

கூட்டத்திலிருந்து சோலைமலை வந்தான். இப்போது தபால் ஆபீசில் இருக்கிறான். மாலையை வாங்கி, மடிப்புக் கலையாமல் காரின் முன்பக்கத்திலேயே சாத்தினான். "ஆயுத பூஜைக்கு ஆகும், ஓட்டிட்டுப் போங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கார் அந்த மாலையோடு தெரு முழுக்கப் போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்து வெள்ளிக்கிழமை பள்ளியில் அவருக்கு நினைவுக் கூட்டம். அச்சடித்த அழைப்பிதழில் 'எங்கள் அன்புக்குரிய ஆங்கில ஆசிரியர்' என்று இருக்கிறது. அவர் பெயரில் ஆங்கிலத்துக்கு ஒரு பரிசும் அறிவிக்கப் போகிறார்கள். பள்ளி அரசுப் பரீட்சைக்கு அனுப்பி வைக்கும் மாணவர்களில் முதல் மதிப்பெண் பெறுபவனுக்குத் தாளாளர் கையால் தருவார்களாம். வாழ்நாள் முழுவதும் பள்ளி அனுப்பாதவர்களுக்காக உழைத்தவர் பெயரில் இந்தப் பரிசு. அவரை அறிந்தவர்களே, அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் போங்கள். போய் முன்வரிசையில் உட்காருங்கள். இங்கே எழுதியதில் எது பொய் என்று மேடையில் இருப்பவர்களை எழுந்து கேளுங்கள். என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள். நான் பேச வேண்டியதை இங்கே பேசிவிட்டேன்.

அவருடைய மகன் எனக்கு அவர் பேனாவைத் தந்தான். பேரப்பிள்ளைக்கு வைத்திருக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது அவருடைய பகை. அதை முழுதாக எடுத்துக்கொண்டேன்.

செலக்‌ஷன் பரீட்சையின் சமூக பாடத் தாள்கள் என் மேசைக்கு வந்தபோது, தலைமையாசிரியர் கூப்பிட்டு, நிறுத்த வேண்டியவர்கள் என்று ஐந்து பெயர்களை வாய்மொழியாகச் சொன்னார். "பாத்துச் செய்யுங்க" என்றார். பார்த்துத்தான் திருத்தினேன். ஐந்து பேரும் தேறியிருக்கிறார்கள். மதிப்பெண்களை அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன்பாக, இன்று காலை வகுப்பில் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்துவிட்டேன். நான் சொல்லி அனுப்பி வரவழைத்த அவர்களுடைய அப்பன்மார் வகுப்பு வாசலில் நின்று கேட்டார்கள். இனி அதை யாரும் திருத்த முடியாது. தலைமையாசிரியர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு அவர் அறைக்குப் போகிறேன்.